எல்லாத்துக்கும் சம்மதம்

இருப்பது விருதுநகர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சிவகாசி. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குப் பட்டாசு ஆபீசிலோ தீப்பெட்டி ஆபீசிலோதான் பிழைப்பு. இருந்தும் தீபாவளிக்கு நான் விலை பார்த்தது செல்போனில்.

தளம் திறந்ததுமே குக்கீக்குச் சம்மதமா என்று ஒரு பெட்டி குதித்தது. எதைக் கேட்டாலும் 'அக்செப்ட் ஆல்' அமுக்குகிற கை என்னுடையது. அன்று ராத்திரியிலிருந்து எதைத் திறந்தாலும் ஆயிரம்வாலா. சர்க்கரை நோயாளிகள் தொடக்கூடாத பண்டங்கள் என்ற பட்டியலுக்குக் கீழே 80 சதவீதத் தள்ளுபடியில் கிஃப்ட் பாக்ஸ்.

ஐ.டி.யில் இருக்கும் அக்கா மகனைக் கேட்டேன். "அது தேர்ட் பார்ட்டி குக்கீ மாமா" என்றான். குக்கீ என்பது இப்படித்தானாம்: கடைக்காரருக்கு மறதி; அதனால் நம் சட்டைப்பையிலேயே ஒரு சீட்டைச் செருகி அனுப்புகிறார், அடுத்த முறை அதைப் பார்த்துத்தான் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறார். 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியின் லூ மொன்டுல்லி செய்த ஏற்பாடு இது. இணையக் கடையில் நாம் கூடையில் போட்டது காணாமல் போகாதிருக்கத்தான் செய்தார். அதே கடையின் ஓரத்தில் விளம்பரக்காரர் ஒருவரும் உட்கார்ந்து தன் சீட்டைச் செருகுவதுதான் வம்பு. அவர் ஊரிலுள்ள அத்தனை கடையிலும் உட்கார்ந்திருக்கிறார். சஃபாரி பிரவுசர் அவரை 2020லேயே வெளியேற்றிவிட்டது. குரோமிலிருந்து விரட்டப்போவதாகச் சொன்ன கூகுள் 2024இல் பின்வாங்கிவிட்டது. செட்டிங்சுக்குள் போய் நாமே தடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவன் சொன்னது அவ்வளவுதான். நான் ஆத்திரத்தில், இருந்த குக்கீ மொத்தத்தையும் அழித்தேன். வங்கி, ரயில் டிக்கெட், மெயில் எல்லாம் ஒரே குரலில் 'யார் நீங்க?' என்றன. பாஸ்வேர்டு எதுவும் ஞாபகமில்லை. கரண்டு பில்லுக்கு அன்றுதான் கடைசி நாள். முகவரிக்குப் பக்கத்திலிருக்கும் குறியைத் தொட்டால் அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் நீக்கலாமாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் வரிசையாக விலைப்பட்டியல். குக்கீயை அழித்த பின்னும் எப்படி என்று மருமகனிடம் சண்டைக்குப் போனேன்.

"நம்பர் குடுத்தீங்களா மாமா?"

குடுத்திருந்தேன். ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதனால் பல தளங்களில் பணம் கட்ட வழி இருக்காது. வேண்டிய சரக்கைக் குறித்து நம்பரைக் கொடுத்தால் 'எஸ்டிமேட்' வரும், பின்னாலேயே போன் வரும். பூச்சட்டி, சாட்டை எல்லாம் எத்தனை வேண்டும் என்று பொறுப்பாகக் குறித்து, நம்பரை இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பியது நான்தான். இதில் குக்கீயின் கைங்கரியம் எதுவும் இல்லை.

போன் போட்டவர்களில் ஒருவர், "அண்ணாச்சி விருதுநகரா? நேர்ல வாங்க, இன்னும் கொறச்சுப் போட்டுத் தாரேன்" என்றார். போனேன், குறைத்துத்தான் போட்டார். பில் போடுகிற பையன் நம்பர் கேட்டான். சொன்னேன். லைன் கிடைக்காவிட்டால் வேறு நம்பர் இருக்கிறதா என்றான். வீட்டுக்காரி நம்பரையும் சொன்னேன்.