கூகிள் கண்ணில் படாமல் இணையக்கடை நடத்துவது எப்படி?

மருதமுனையில் கைத்தறிச் சாரனும் சாரியும் விற்கிறீர்கள். மகன் அழகாக ஓர் இணையத்தளமும் செய்து தந்துவிட்டார். இனி ஒரே ஒரு பயம்தான்: கட்டாரில் இருக்கும் ஒருவர் 'மருதமுனைச் சாரன்' என்று கூகிளில் தேடி, நேரே உங்கள் கடைக்கு வந்துவிடக்கூடும். கவலை வேண்டாம் காக்கா, வழி இருக்கிறது.

1. இணைப்பு வைக்காதீர்கள், பொத்தான் வையுங்கள். 'ஏ' என்ற குறிக்குள் 'எச்ரெஃப்' என்று எழுதிய முகவரியைத்தான் கூகிளுக்காகத் தளங்களை மேயும் நிரலான கூகிள்பொட் பின்தொடரும். 'ஆன்கிளிக்' போட்டு வைத்ததை அது அமுக்கிப் பார்க்காது. மாமி வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி, முன்னால் வைத்ததை எடுக்குமே தவிர அலுமாரியைத் திறக்காது.

2. எல்லாச் சாரனுக்கும் ஒரே முகவரி கொடுத்து, வித்தியாசத்தை '#' குறிக்குப் பின்னால் வையுங்கள். அந்தப் பின்பகுதியைக் கூகிள் தனிப் பக்கமாக எண்ணாது. '#!' என்று எழுதினால் ஏற்கிறோம் என்று 2009இல் ஒரு திட்டம் சொன்னார்கள், 2015இல் கைவிட்டார்கள். ஆகவே அதையும் தாராளமாகப் போடலாம்.

3. ஜாவாஸ்கிரிப்ட் கூகிளுக்கு விளங்காது என்று அசட்டையாக இருக்காதீர்கள். 2019 மே முதல் அது புத்தம்புது குரோமியம் உலாவியைக் கொண்டு ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கிறது. ஸ்கிரிப்ட் உருவாக்கிய இணைப்பானாலும், எச்ரெஃப் ஒழுங்காக இருந்தால் பின்தொடர்ந்துவிடும். ஆகவே கூகிள்பொட் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்ட் கோப்புகளுக்குத் தடை போடுங்கள். ஓட்ட ஒன்றும் கிடைக்காமல் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகும்.

4. முதலில் பத்துச் சாரனைக் காட்டுங்கள். மிச்சத்தை 'மேலும் காட்டு' என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளியுங்கள். பதினோராவது சாரன் கூகிளிடமிருந்து பத்திரம்.

5. சைட்மேப் கொடுக்காதீர்கள். முகவரிகளை எல்லாம் வரிசையாகக் காட்டிக்கொடுக்கும் கோப்பு அது. கூகிளின் சேர்ச் கொன்சோல் என்ற கருவியின் பக்கமும் தலைவைக்க வேண்டாம். ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு கூகிளுக்கு என்ன தெரிகிறது என்பதை அது அப்படியே காட்டிவிடும்.

கடைசியாக ஒரு பரிசோதனை. ஒரு சாரியின் படத்தில் வலது கிளிக் செய்யுங்கள். 'இணைப்பைப் புதிய தாவலில் திற' என்று வந்தால் காரியம் கெட்டது. மகன் அங்கே உண்மையான இணைப்பை வைத்துவிட்டார். வராவிட்டால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். இனி மாதாமாதம் பேஸ்புக்குக்கு விளம்பரக் காசு கட்டிக்கொண்டு, கடைக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று மகனோடு நிம்மதியாகச் சண்டை பிடிக்கலாம்.