ஐம்பது எம்பிக்குள் ஒரு கொம்பு

2006-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் நான்கு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டவை. மூன்றில் 128 எம்பி ராம், ஒன்றில் 64. இரண்டின் ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. மற்ற இரண்டில் விண்டோஸ் 98 வைரஸோடு திணறிக்கொண்டிருந்தது. நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றார்.

"தம்பி, நாலையும் ஓட வச்சிரலாமா?"

"ஓட வச்சிரலாம் டீச்சர்."

"அதுல தமிழ் வருமா?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்வி எவ்வளவு பெரியது என்று அன்று எனக்குத் தெரியாது. "வரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

ஓட வைக்க வழி லைவ் சிடி. ஹார்ட் டிஸ்க்கே இல்லாவிட்டாலும் சிடியைப் போட்டால் போதும், முழு லினக்ஸும் எழுந்து நிற்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000-ல் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இதைப் பலரும் அறியச் செய்தது. இரண்டு ஜிபி அளவுக்கான மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள் அடைத்து, ஓடும்போதே துண்டு துண்டாக விரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 'லினக்ஸ் ஃபார் யூ' இதழோடு வந்த சிடிகளில் இப்படிப்பட்டவற்றைப் போட்டுப் பார்த்துப் பழகியிருந்தேன். ஆனால் நாப்பிக்ஸின் அலங்காரமான திரை அந்தப் பள்ளி மெஷின்களில் நகரவே நகராது.

அங்கேதான் டேம் ஸ்மால் லினக்ஸ் வந்தது. டிஎஸ்எல் என்போம். ஜான் ஆண்ட்ரூஸ் தொடங்கியது. நாப்பிக்ஸை எடுத்து இழைத்து இழைத்து, விசிட்டிங் கார்டு வடிவச் சிடியில் அடங்கும்படி 50 எம்பி என்று ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை என்று இருந்தார்கள். 16 எம்பி ராம் உள்ள 486-லும் ஓடும் என்றார்கள். அதைவிட எங்களுக்கு முக்கியமானது ஒன்று இருந்தது. 128 எம்பி இருந்தால் மொத்தச் சிடியையும் ராமுக்குள் ஏற்றிவிடலாம். ஏற்றியபின் சிடியை உருவி அடுத்த மெஷினில் போடலாம். ஒரே சிடியில் மூன்று மெஷின். 64 எம்பி மெஷினுக்கு மட்டும் தனிச் சிடி.

சென்டரில் 256 கேபிபிஎஸ் இணைப்பு. கஸ்டமர் இல்லாத நேரம் பார்த்து இறக்கினேன்.

"என்ன தம்பி, இன்னுமா எறங்குது?" என்றார் அண்ணாச்சி. சென்டர் அவருடையது.

"அரைமணி நேரந்தான் அண்ணாச்சி. முழுச் சிடின்னா ஆறு மணி நேரம் ஆகும்."

"அரைமணியில ஒரு கம்ப்யூட்டரே எறங்குதா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவரும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்.

சிடி எழுந்தது. சின்ன டெஸ்க்டாப், சின்ன எடிட்டர், டில்லோ என்ற மிகச் சிறிய பிரவுசர். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தன. டில்லோவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். தமிழ் வரவில்லை. ஃபாண்ட் இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஃபாண்ட் போட்டுப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது.

யூனிகோடில் 'கெ' என்று எழுதினால் முதலில் 'க', அதன் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகப் பிரிய வேண்டும். இதைச் செய்ய எழுத்தை இடம் மாற்றிக் கோக்கும் ஒரு நிரல் வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்தது பாங்கோ. திரை நிரல்களுக்கு அடித்தளமாக 2002-ல் வந்த ஜிடிகே 2-ஓடு சேர்ந்து வந்தது. டிஎஸ்எல்லோ இடத்தை மிச்சப்படுத்தப் பழைய ஜிடிகே 1-லேயே நின்றிருந்தது. அதில் பாங்கோ கிடையாது. எழுத்துகள் சேமித்த வரிசையிலேயே வந்து நின்றன. கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால்.

எனக்கு அன்று நெஞ்சில் தைத்தது இதுதான். இலேசாக்குவது என்றால் எதையாவது கழிப்பது. எதைக் கழிப்பது என்பதை, கழிக்கிறவர் தன் மேஜையில் எது வேண்டும் என்று பார்த்து முடிவு செய்கிறார். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவையும் இலவசமாகக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த 50 எம்பியில் வெப் சர்வர் இருந்தது, இணையவழி அரட்டை நிரல் இருந்தது, தூரத்து விண்டோஸை இயக்கும் கருவி இருந்தது. எங்கள் கொம்புக்கு இடமில்லை. இடத்தை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்கினோம். சிடிக்குள் நாப்பிக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பெரிய சுருக்கிய கோப்பு இருக்கும். அதைக் க்ளூப் என்ற முறையில் மவுண்ட் செய்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் விரித்து, சிஎச்ரூட் போட்டு அதற்குள்ளேயே புகுந்து, வேண்டியதைச் சேர்த்து வேண்டாததை அழித்து, மறுபடி சுருக்கி, ஐஎஸ்ஓவாகக் கட்ட வேண்டும். சொல்ல ஒரு வாக்கியம். முதல் முறை நான் விரித்தது விண்டோஸ் பார்ட்டிஷனில். எந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம், யார் இயக்கலாம் என்ற விவரம் எல்லாம் அதில் அழிந்துபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டிய சிடி பாதியில் நின்றது. மூன்று இரவு தேடி, கடைசியில் லினக்ஸ் பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பள்ளி மெஷின்களில் சவுண்ட் கார்டே இல்லை. பாட்டுக் கேட்கும் எக்ஸ்எம்எம்எஸ் போனது. அரட்டை போனது. வெப் சர்வர் போனது. அண்ணாச்சி ஒரு நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று கேபி கேபியாக எழுதிக்கொண்டு வந்தார். மளிகைக் கடைக் கணக்கு எழுதிய கை. நான் குறிக்க மறந்த இரண்டு கோப்புகளைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

தமிழுக்கு இரண்டு வழி கிடைத்தது. படிக்கத் திஸ்கி. 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி வகுத்த எட்டு பிட் குறியீடு அது. அதில் கொம்பைப் பார்க்கிற வரிசையிலேயே சேமிப்பார்கள். முதலில் கொம்பு, அடுத்து 'க', அடுத்து கால். இடம் மாற்றிக் கோக்கப் பாங்கோ தேவையில்லை, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த நிரலிலும் சரியான ஃபாண்ட் இருந்தால் தமிழ் ஒழுங்காக நிற்கும். யூனிகோடு வந்ததும் இனி அது எதற்கு என்று எல்லோரும் திஸ்கியை விட்டு நகர்ந்துகொண்டிருந்த காலம். நகர முடியாத மெஷின்களுக்கு அதுதான் கைகொடுத்தது. திஸ்கி ஃபாண்ட் ஒன்றைப் புள்ளி எழுத்தாக மாற்றி, டில்லோ ஏற்றுக்கொள்ளும்படி அதற்கு லத்தீன் ஃபாண்ட் என்றே பெயர் வைத்தோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் திஸ்கியில் கிடைத்தன. திருக்குறளையும் ஆத்திசூடியையும் சிடிக்குள் வைத்தோம்.

எழுத யூடிட். காஸ்பர் சினாய் எழுதிய எடிட்டர். யாரையும் நம்பாமல் எழுத்தைத் தானே கோத்துத் தானே வரையும். அதற்குள்ளேயே தமிழ்த் தட்டச்சும் இருந்தது. யூனிகோடில் 'கொ' அடித்தால் கொம்பு முன்னால் வந்து நின்றது. அந்த இரவு நானும் அண்ணாச்சியும் கொக்கு, பொன், சொல் என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம்.

கடைசியாக ஒன்று. சிடி எழும்போது முதலில் தெரியும் திரை வெறும் ஆங்கில எழுத்துத் திரை. தமிழில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். அங்கே எழுத்தாகத் தமிழை வைக்க வழியே இல்லை. 16 நிறத்துக்குள் படமாக வைக்கலாம். 'வணக்கம்' என்று வரைந்து, 16 நிறத்துக்குக் குறைத்து வைத்தேன்.

சுருக்கும் நிரல் மொத்தத்தையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதும். சென்டர் மெஷினில் 256 எம்பிதான். ஸ்வாப் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, இரவு ஷட்டரை இறக்கி உள்ளே உட்கார்ந்திருப்போம். முடிந்ததும் அளவைப் பார்ப்போம். 51 வரும். ஏதாவது ஒன்றை அழித்து மறுபடி. கோட்டைத் தாண்டினால் சிடி ஒன்றும் வெடித்துவிடாது, 700 எம்பி இடம் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு எம்பியும் பிள்ளைகள் உட்காரும் மெஷினின் ராமில் குறையும். ஐம்பதுக்குள் அடங்கிய அன்று, பழைய டிரைவ்கள் படிக்க வேண்டுமே என்று மிகக் குறைந்த வேகத்தில் சிடி எழுதினோம்.

பள்ளியில் நான்கு திரையிலும் 'வணக்கம்' வந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி யூடிட்டில் தன் ஊரைப் பற்றி அரைப் பக்கம் அடித்து முடிக்கும் நேரத்தில் கரண்ட் போனது. ராமில் இருந்தது எல்லாம் போயிற்று. அவள் அழவில்லை. கரண்ட் வந்ததும் சிடியைத் தானே போட்டு, முதலிலிருந்து அடித்தாள். பிளாப்பியில் எப்படிச் சேமிப்பது என்று அன்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

டிஎஸ்எல்லின் 4.4.10 பதிப்பு 2008-ல் வந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லை. நானும் ஊர் மாறினேன்.

2024-ல் ஜான் ஆண்ட்ரூஸ் அதை மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, ஒரே சிடியில் அடங்க வேண்டும் என்று 700 எம்பியில் கோடு போட்டார். ஐம்பதில் இருந்த கோடு எழுநூறுக்கு வந்திருந்தது. இன்றைய பிரவுசரை வைத்துக்கொண்டு ஐம்பதைப் பேசவே முடியாது என்பது எனக்கும் தெரியும். என் வீட்டில் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை எழுதச் சிடி டிரைவ்தான் வீட்டில் எதிலும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு விலையில்லா மடிக்கணினி கிடந்தது. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்தது. இப்போது தங்கைக்கு வந்திருக்கிறது. 2 ஜிபி ராம். 2006-ல் அந்தப் பள்ளியின் நான்கு மெஷினையும் கூட்டினாலும் அதில் கால்பங்குக்கும் குறைவு. ஆனாலும் அதைத் திறந்தால் பிரவுசர் வந்து நிற்கவே நேரம் பிடித்தது. டிஎஸ்எல்லைப் பென் டிரைவில் போட்டுப் பார்த்தேன். நன்றாக எழுந்தது. இடத்தை மிச்சப்படுத்த மொழிகளைக் குறைத்திருந்தார்கள். ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ். பதினெட்டு வருடம் கழித்தும் கழித்த பக்கத்தில்தான் நாம் இருந்தோம்.

இந்த முறை எனக்கு வலித்தது, ஆனால் திகைப்பு இல்லை. பழைய வேலைதான். சுருக்கிய கோப்பு இப்போது ஸ்குவாஷ்எஃப்எஸ். விரித்து, சிஎச்ரூட் போட்டு, ஒரு கட்டளையில் லோஹித் தமிழ் ஃபாண்டைச் சேர்த்தேன். எழுத்தைக் கோக்கும் நிரல் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அன்று ஃபாண்ட் கிடைத்தும் கோக்க ஆளில்லை; இன்று கோக்க ஆளிருந்தும் ஃபாண்ட் மட்டும்தான் இல்லை. மறுபடி சுருக்கி முடிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. அண்ணாச்சி இருந்திருந்தால் நோட்டை எடுத்திருப்பார்.

உள்ளே டில்லோவும் இருந்தது. ஆசையோடு அதில்தான் முதலில் குறளைத் திறந்தேன். கொம்பு இன்னும் எழுத்துக்குப் பின்னால்தான். அந்த டில்லோ நின்றிருந்த எஃப்எல்டிகே என்ற சிறிய அடித்தளமும் எழுத்தை இடம் மாற்றிக் கோக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் அந்த மடிக்கணினியை அது மூச்சுமுட்ட வைத்தது. இரண்டுக்கும் நடுவில் நெட்சர்ஃப் இருந்தது. சிறியது, பாங்கோவைப் பயன்படுத்துவது. அதையே முதல் பிரவுசராக வைத்தேன். பழைய சிடியில் இருந்த திஸ்கிப் பக்கங்களையும் சேர்க்க ஆசை. லினக்ஸின் ஐகான்வ் கருவிக்கு இன்றும் திஸ்கி தெரியும். ஒரே வரியில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தது.

"மாமா, இதுல எழுதலாமா?" என்றாள் அந்தப் பிள்ளை.

எடிட்டரையும் தமிழ்த் தட்டச்சையும் திறந்து கொடுத்தேன். பள்ளிக்குக் கட்டுரை எழுத வேண்டுமாம். நான் டீ டம்ளரை வைக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் எட்டு வரி அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று ஆஃப் செய்திருந்தாள்.

"திரும்ப ஆன் பண்ணினா வந்துரும்ல?"

"வராதும்மா. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

பென் டிரைவில் இரண்டு ஜிபி ஒதுக்கி, எழுதியது தங்கும்படி செய்து கொடுத்தேன். அது முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.