மெலிந்த கையின் மகிமை

கண்டி, அனிவத்தை

அன்புள்ள மாமாவுக்கு,

கண்டியில் உத்தியோகம் என்றதும், நான் ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டும் பெரஹரா யானைகளை எண்ணிக்கொண்டும் காலம் தள்ளுவேன் என்று தாங்கள் நினைத்திருக்கக் கூடும். ஆனால் என் ஞாயிற்றுக்கிழமைகளோ ஒரு மோட்டார் காரின் அடிவயிற்றின் கீழே, அனந்தசயனத்தில் கழிகின்றன.

எங்கள் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடு ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் கனவான். பிறர் ராமாயணம் படிக்கத் தொடங்கும் பிராயத்தில், 2020-இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டு 2025 வரையில் சொந்தக் கார்களுக்குக் கதவைத் திறவாதிருந்த காலத்தில், இவர் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய உறுப்புகளைப் பொறுக்கி வந்து, இரண்டே ஆசனமுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தம் கையாலேயே சிருஷ்டி செய்துவிட்டார். சட்டம் இரும்புக் குழாய், மேனி ஃபைபர்கிளாஸ், பின் அச்சு மட்டும் ஒரு பழைய ஜாகுவாரினுடையது.

அந்தப் பின் அச்சில்தான் வினை. சாதாரணக் கார்களில் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக்கின் தரிசனம் கிடைத்துவிடும். ஜாகுவார்காரர்களோ, 1961-இல் வெளிவந்த ஈ-டைப் முதலாக, பின்பக்கத்து டிஸ்க்குகளைச் சக்கரங்களிலிருந்து பிரித்து, நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் இரு விலாவிலும் ஒட்டவைத்தார்கள். சக்கரத்தோடு கூடவே குதிக்கும் பாரம் குறைந்தால் அது மேடுபள்ளத்திலும் சாலையை விடாமல் பற்றும் என்பது தத்துவம். அதில் பிசகு ஒன்றுமில்லை. பிரேக்கின் உஷ்ணத்தில் டிஃபரென்ஷியலின் ஆயில் சீல் வெந்து, கசிந்த எண்ணெய் டிஸ்க்கின் மீதே அபிஷேகமாவதுதான் அந்தத் தத்துவத்தின் பிரசாதம். அசல் ஜாகுவாரிலாவது பின் அச்சு முழுவதையும் அதன் கூட்டோடு கீழே இறக்கிவிடலாம். நம்மவர் கூட்டை நீக்கி, அச்சை நேரே சட்டத்தில் முடுக்கி, அதன்மேல் ஒரு துவாரம்கூட இல்லாமல் டிக்கித் தளத்தை ஒரே வார்ப்பாக வார்த்திருக்கிறார். அழகு கெடக் கூடாதாம்.

தேய்ந்த பிரேக் பேடுகளை மாற்றவென்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் பாஸ் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ அருந்தினார், மேனியை அறுத்தாலொழிய ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிப் போய்விட்டார். அப்போதுதான் வீட்டுக்காரரின் திருஷ்டி, அத்தை பார்த்துப் பார்த்துக் கண்ணீர் வடிக்கும் என் மெலிந்த கையின் மீது விழுந்தது.

"தம்பி, உங்கட கை இதுக்கெண்டே படைச்ச கை!"

மாமா, குடியிருப்பவன் என்ன பதில் சொல்லுவான்? முட்டுக்கொடுத்த காரின் கீழே படுத்து, கண் காணாத இடத்தில் விரல் நுனியே கண்ணாகத் தடவி, இரண்டு ஊசிகளை உருவி, தேய்ந்து தகடாகிப்போன பேடுகளை வெளியே இழுத்தேன். புதிய பேடுகள் தடிமனாகையால் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். தள்ளினால், முன்னே சிறு ஜாடியிலிருக்கும் பிரேக் எண்ணெய் பொங்கி வழியும். வழிந்தால் வர்ணத்தை உரித்துவிடும். ஆகையால் வீட்டுக்கார அம்மாள் ஜாடியருகே கந்தைத் துணியோடு காவல் நின்றார். உடவத்தைக் காட்டிலிருந்து விஜயம் செய்த குரங்கொன்று மதில்மேலிருந்து எங்களைக் கவனித்தது. ஊசிகளைப் பறிகொடாமல் காப்பதே பெரும்பாடாயிற்று.

மறுவாரம் மஹியங்கனைச் சாலையில், பதினெட்டு வளைவு என்று பிரசித்தி பெற்ற இறக்கத்தில் பரீக்ஷை நடந்தது. வீட்டுக்காரர் தாழ்ந்த கியரிலேயே இறக்கினாராகையால், புதிய பேடுகளின் பிரதாபத்தைக் காண அதிக சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அடிவாரத்தில் ஒரு மாடு குறுக்கிட்டபோது மட்டும் கார் கம்பீரமாக நின்றது.

இந்த ஜாகுவார் அச்சில் கைப்பிரேக்குக்கென்று தனியே சிறு பேடுகள் இன்னும் உயரத்தில் இருக்கின்றன. அவற்றை எட்ட என் கையும் பருமன் என்று வீட்டுக்காரர் அபிப்பிராயப்படுகிறார். இரண்டு நாளாக எதிர்வீட்டுப் பள்ளிக்கூடச் சிறுவனிடம், அவன் மணிக்கட்டைப் பார்த்தபடியே, மிகுந்த வாஞ்சையோடு படிப்பைப் பற்றி விசாரித்து வருகிறார்.

தங்கள் அன்புள்ள மருமகன்