ஓலைக்குள் உட்கார்ந்திருந்த வரி அதிகாரி

பழைய பாரதம் என்றால் ஆற்றங்கரை, மரத்தடி, மூக்கு நுனியைப் பார்த்தபடி ஒரு முனிவர். நூறு வருஷத்துக்கு முன்பு இதுதான் பேச்சு. ஆள்வது எங்கள் வேலை, தியானம் உங்கள் வேலை என்று வெள்ளைக்காரர் பாகம் பிரித்திருந்தார். நம்மவர் பலருக்கும் அதில் பெருமைதான். சமஸ்கிருத மறுமலர்ச்சி என்று கிளம்பியவர்கள் ஓலைக்கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் இன்னொரு உபநிஷத்தை எதிர்பார்த்தார்கள்.

வந்தவர் கௌடில்யர் என்கிற சாணக்கியர்.

1905 வாக்கில் தஞ்சாவூர் ஜில்லா பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் இருந்த ஒரு சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி பிரித்துப் படித்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! அதுவரை பிறர் சொல்லித்தான் அப்படியொரு நூலே தெரியும். அதிலும் வடமொழிக் கவி பாணபட்டர் சொன்னது வசவு. சாஸ்திரி 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அச்சேற்றினார்.

மோட்சத்துக்கு வழி தேடிப் புரட்டியவர்களுக்குக் கிடைத்தது, அரசு ஊழியர் கஜானாவைச் சுரண்டும் 40 வழிகள். தராசில் தட்டான் செய்யும் தில்லுமுல்லு, சாராயக்கடை மேற்பார்வை, சாமியார் வேஷத்தில் ஒற்றர் என்று பட்டியல் நீள்கிறது. எனக்குப் பிடித்தது கஜானா காலியானால் என்ன செய்வது என்ற பகுதி. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சாமியை எழுப்பு, திருவிழா எடு, உண்டியலை அள்ளு. கோயில் மரம் பருவம் தப்பிப் பூத்தால் கடவுள் இறங்கிவிட்டார் என்று சொல். கிணற்றில் பல தலை நாகம் என்று கிளப்பிவிட்டு, எட்டிப் பார்க்கக் காசு வாங்கு. நம்பாதவன் எவனாவது இருந்தால்? தீர்த்தத்தில் விஷம் கலந்து கொடு, தெய்வக் குற்றம் என்று அறிவி. இதையே பெரியார் சொன்னால் மேடைக்குச் செருப்பு வரும். சொன்னவர் சாணக்கியர் என்பதால் பொன்னாடை.

மறுமலர்ச்சிக்காரர்கள் அசரவில்லை. ‘பார்த்தாயா, எங்களுக்கும் ராஜதந்திரம் தெரியும்’ என்று மார்தட்டினார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் சத்தம் போட்டுப் படிக்கவில்லை.

மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஜெர்மனி போனபோது, ‘சாமசாஸ்திரியின் மைசூரா?’ என்று அங்கே விசாரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தசரா, தங்க அம்பாரி எதுவும் அங்கே எடுபடவில்லை போலும். சாஸ்திரிக்குப் பட்டங்கள் குவிந்தன. சம்பளம் கூடியதா என்று கதை சொல்பவர்கள் சொல்வதில்லை. கௌடில்யரின் சம்பளப் பட்டியலில் அரண்மனைப் புரோகிதருக்கு 48,000 பணம். படித்த வித்வானுக்கு 500 முதல் 1,000 வரை. சாஸ்திரி அதையும் விடாமல் மொழிபெயர்த்து வைத்தார்.