கூடம் கோணல்

சென்னையில் ஒரு கட்டடத்தைக் கொல்ல வேண்டுமா? இடிக்கத் தேவையில்லை. மாநகராட்சிக்கு அடுத்த வீடாக இருந்தால் போதும்.

விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு நேர்ந்தது அதுதான். ரிப்பன் மாளிகை சன்னலைத் திறந்தால் கண்ணில் இடிக்கிற தூரம். மேயர்கள் வந்தார்கள், ஆணையர்கள் வந்தார்கள். எத்தனையோ பட்ஜெட் போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்தது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கேட்டால் குத்தகை என்றார்கள், டிரஸ்ட் என்றார்கள், வழக்கு என்றார்கள். இடம் கைக்கு வந்த பிறகு மெட்ரோ தோண்டுகிறார்கள் என்றார்கள். நல்ல வேளை, ராகு காலம் என்று சொல்லவில்லை.

சும்மா கட்டடமா அது? சிஸம் வரைந்து, நம்பெருமாள் செட்டி கட்டியது. 1897-ல் விவேகானந்தர் பேசிய இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே சலனப் படம் ஓடிய இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், நாடகக்காரன் என்றால் மூக்கைச் சுளித்த ஊரில், வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் அரிதாரம் பூச வைத்த மேடை.

இப்போது ஞானம் பிறந்திருக்கிறது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடிக்கு மேல் ஒதுக்கீடு. கீழே கண்காட்சி, மேலே அரங்கம். சந்தோஷம். சுண்ணாம்பு குழைத்த கொத்தனார் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஐம்பது வருஷம் அழுக விட்டுவிட்டு, வெள்ளையடித்த அன்றைக்கு ‘மீட்டெடுத்தோம்’ என்று மாலை வாங்கிக்கொள்கிற கழுத்துகளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

இனி என்ன நடக்கும்? அரசு அரங்கம் பிடித்துப் பார்த்த எந்த நாடகக்காரரையும் கேளுங்கள், சொல்வார். வாடகை தனி, டெபாசிட் தனி, ஏசி தனி, டீசல் தனி, ஒத்திகை பார்த்தால் அதற்கும் தனி. எல்லாம் கட்டி, நோட்டீஸும் அடித்த பிறகு போன் வரும்: “சார், அன்னிக்கு மினிஸ்டர் ஃபங்ஷன். வேற தேதி பாத்துக்குங்க.” டெபாசிட் திரும்ப வருவதற்குள் கதாநாயகனுக்கு நரைத்துவிடும்.

பம்மலே எழுந்து வந்து அரங்கம் கேட்டாலும் கதி இதுதான். சங்கப் பதிவு உண்டா? ஜிஎஸ்டி நம்பர்? கதைச் சுருக்கம் மூன்று பிரதி. உங்கள் நாடகத்தில் மனோகரன் சங்கிலியை அறுக்கிறானா? அப்படியானால் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. நடிகர் பட்டியலில் சத்தியமூர்த்தி என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் எந்தக் கட்சி?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை நிமிர்த்திவிட்டு, ஆடத் தெரிந்தவளை வாசலில் நிறுத்தி ரசீது கேட்கப் போகிறார்கள். உள்ளே குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. வெளியே செல்ஃபி.

ஒரே ஒரு விண்ணப்பம். வாரத்தில் மூன்று மாலை நாடகத்துக்கு என்று தீர்மானம் போட்டுக் கொடுங்கள். வாடகைக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். 1886-ல் உங்கள் நகரசபையே இந்த 57 கிரவுண்டையும் 99 வருஷத்துக்குக் குத்தகை விட்டதே, கிரவுண்டுக்கு எட்டணா, அந்த ரேட்டையே போடுங்கள். சில்லறையை நாங்களே எண்ணிக் கொண்டுவருகிறோம்.