அமைப்புக் கோப்பு: புரோத்ராபூர்ப் பாடம்

கணினியில் ஒரு செயலி புத்தி பேதலித்தாற்போல் நடக்கத் தொடங்கினால், அதனை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவதே சர்வரோக நிவாரணி என்னும் சித்தாந்தம் பெருநகரங்களில் வேரூன்றியதற்கு, அங்கே இணையம் தாராளமாகக் கிடைத்தது ஒன்றே காரணமாகுமேயன்றி, அதற்குப் பிரமாணம் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. சென்னையை அந்தமான் நிகோபார் தீவுகளுடன் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறக்கப்படும் வரையில், செயற்கைக்கோளின் கடாட்சத்தை நம்பியிருந்த இத்தீவுகளில் சில நூறு மெகாபைட்டுகளை மறுபடி இறக்குவது விளையாட்டுக் காரியமன்று. ஆகவே, சிறைச்சாலையால் மட்டுமே வெளியூரார் அறிந்திருக்கும் இத்தீவுகளின் புரோத்ராபூரில், செயலியை விட்டு, அதன் விருப்பங்களைப் பதிந்துவைக்கும் அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் சாஸ்திரத்துக்கு விசேஷ கௌரவம் இருப்பதில் வியப்பில்லை.

மேலும் அந்த நகரத்துச் சித்தாந்தம் காரியத்திலும் பலிப்பதில்லை. விண்டோஸ் கணினியில் செயலியை நீக்கும்போது பெரும்பாலும் அதன் சரீரம் மட்டுமே நீங்குகிறது. ‘ஆப்டேட்டா’ என்னும் மறைவிடத்தில் அது எழுதிவைத்த கோப்புகள் அப்படியே கிடப்பதால், புதிதாக நிறுவப்பட்ட செயலி பூர்வ ஜன்ம வாசனையோடு பிறந்து பழைய அபராதத்தையே செய்கிறது. யூனிக்ஸ் மரபிலோ, அமைப்புகளை ஒளித்துவைக்கும், புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகள் கண்ணில் படாமலிருப்பதற்கு, ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்னும் இரண்டு பெயர்களைப் பட்டியலிலிருந்து விலக்க ஆதியில் எவரோ எடுத்த குறுக்குவழிதான் மூலம் என்று யூனிக்ஸ் வல்லுநர் ராப் பைக் கூறியிருக்கிறார். இவ்வளவு பெரிய ஒரு சம்பிரதாயம் சோம்பலின் சந்ததி என்பது பலருக்குக் கசக்கலாம்.

அமைப்புக் கோப்பு ஒரு சுவடியே என்பது என் பட்சம். ஓலை கிழியுமென்று அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட, மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாய்த் தோன்றிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். கோப்பிலோ புள்ளிக்கு மட்டுமன்றி வெற்றிடத்துக்கும் பிராணன் உண்டு. ஜேசன் வடிவில் கடைசி உறுப்பின் பின்னே ஒரு காற்புள்ளி மிகுந்தால் கோப்பு முழுவதும் தள்ளுபடி, யாமெல் வடிவில் உள்தள்ளலுக்கு ‘டேப்’ விசையைத் தட்டினால் மகா அபசாரம், அதன் 1.1 பதிப்பில், நார்வேயைக் குறிக்கும் ‘என்ஓ’ என்னும் ஈரெழுத்துக் குறியீட்டை மேற்கோள்குறியின்றி எழுதினால் அது ‘இல்லை’ என்று கொள்ளப்பட்டு ஒரு தேசமே காணாமற்போகும். பழைய நோட்பேடு யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைட்டுகளைச் சூட்டி அனுப்ப, அவற்றைக் கண்டு மிரளும் செயலிகளும் உண்டு. நல்ல கோப்பையும் கெட்ட கோப்பையும் வரிவரியாக ஒப்பிட 1974-லேயே யூனிக்ஸில் ‘டிஃப்’ என்னும் கருவி வந்துவிட்டபோதிலும், கண்ணாலேயே தேடிக் களைப்பவர்தாம் இன்றும் மிகுதி.

இவையெல்லாம் எங்கும் நேர்வன. புரோத்ராபூர்ப் பாடம் என்று நான் விதந்து கூறுவது வேறு. டீசல் ஜெனரேட்டர்களைப் பெரிதும் நம்பிய தீவு மின்சாரம், செயலி தன் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே நின்றுபோகுமானால், பின்னர்த் திறந்து பார்க்கையில் கோப்பின் அளவு மட்டும் பழையபடி இருக்க, உள்ளே எழுத்துக்குப் பதில் முழுதும் பூச்சியங்களே நிறைந்திருப்பதுண்டு. விவேகமுள்ள செயலிகள் புதியதை வேறொரு பெயரில் முழுதும் எழுதி முடித்த பின்னரே பழையதன் இடத்தில் அமர்த்துகின்றன, மற்றவை யூ.பி.எஸ். பெட்டியின் கருணையில் வாழ்கின்றன. செயலிமேல் வீண்பழி விழுவதும் உண்டு. மாலை ஏழு மணிக்குத் திரை கறுக்கும்படி எவரோ கோப்பில் எழுதிவைத்திருக்க, டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அந்தி சாயும் இவ்வூரில் கண் கூசி உட்கார்ந்திருப்பவர், செயலிக்குப் பொழுது தெரியவில்லை என்று நொந்துகொள்வார். அதற்குத் தெரிந்தது இந்திய நேரம் மட்டுமே.

இங்குள்ள ஜெராக்ஸ் கடை ஒன்றில் கண்ட உதாரணம் சாஸ்திரத்துக்கு உரைகல்லாகத் தக்கது. தட்டச்சுச் செயலி கீழ்ப்பட்டையில் சிமிட்டிக்கொண்டிருந்ததே தவிர, எத்தனை முறை சொடுக்கினாலும் திரைக்கு வரவில்லை. “ஓடுது சார், ஆனா வரமாட்டேங்குது” என்றான் கடைத் தம்பி. கோப்பைத் திறந்தால், சாளரத்தின் இடப்புற விளிம்பு 2140 என்றிருந்தது. திரையின் அகலமோ 1366. முன்பு பக்கத்தில் வைத்திருந்த இரண்டாவது மானிட்டரைக் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செயலி மட்டும் இல்லாத அந்தத் திரையில் விசுவாசமாகக் காத்திருந்தது. தம்பி எண்ணைப் பூச்சியமாக்கிச் சேமித்தான், பயனில்லை. ஓடிக்கொண்டிருந்த செயலி, மூடும்போது தன் நினைவிலிருந்த 2140-ஐ மறுபடி எழுதிவிட்டது. முதலில் செயலியை மூடிவிட்டுப் பின்பு திருத்தியதும், ஒன்றுமே நடவாதது போல் வந்து நின்றது.

இனி, பழைய கோப்பை அழித்துவிடலாமா, பெயர் மாற்றி வைக்கலாமா என்னும் வழக்கு எஞ்சியுள்ளது. பெயர் மாற்றுவதே உத்தமம். கோப்பைக் காணாத செயலி பெரும்பாலும் புதிதொன்றை எழுதிக்கொள்ளும், பழைய பாடமும் சான்றாகக் கிடைக்கும். கடைத் தம்பி இந்தப் பட்சத்தில் தீவிரப் பற்றுள்ளவன் என்பதற்கு, அவன் கணினியில் ‘ஓல்டு’, ‘ஓல்டு2’, ‘நியூஓல்டு’ என வரிசையாகக் கிடக்கும் பிரதிகளே சாட்சி. இவற்றுள் எது முந்தியது என்பதில் அவனுக்கும் அவன் முதலாளிக்குமே ஒத்த கருத்தில்லை.