இடக்கை அறியாமையியல்

மாணாக்க, கேள். மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஆறாம் இயலில் ஒரு நெறி உளது. கொடுப்பவனின் வலக்கை செய்வதை அவனுடைய இடக்கையும் அறியலாகாது என்பது அதன் பொருள். பகைவரிடத்து அன்பு, மறுகன்னம் காட்டல், ஒரு கல் தொலைவு நடக்க வற்புறுத்துவோனோடு இரு கல் நடத்தல் ஆகியனவும் அதே மலைப்பொழிவில் உள. அவற்றைச் சான்றோர் பல நூற்றாண்டாக ஆராய்ந்து களைத்தனர். இடக்கையை ஒருவரும் தொடவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

நூலின் எல்லை கூறுவோம். வடக்கே சாத்தூர், தெற்கே கயத்தாறு, கிழக்கே எட்டயபுரம், மேற்கே சங்கரன்கோவில், நடுவண் கோவில்பட்டி. இக்கரிசலைத் தேர்ந்தது ஏன் எனின், கோடையில் இம்மண் முழங்கால் ஆழம் பிளக்கும். பிளவில் விழுந்த காசு மீண்டதாக வழக்கில்லை. மறைத்துக் கொடுத்தலை ஆராய இதனினும் தக்க நிலம் யாண்டும் இல்லை. சொல்லாக்கத்தில் யாம் பாவாணர் வழியினம். அவர் 1902இல் பிறந்ததும் இவ்வெல்லையின் மேலை விளிம்பாகிய சங்கரன்கோவிலிலேயே. ஆகலின் களமும் சொல்லும் ஒருங்கே பொருந்தின.

இனி அளவை. இடக்கை அறியும் அளவினை 'அறிவளவு' என்க. அது முழுதறிவு, அரையறிவு, அறியாமை என முத்திறப்படும். இவ்வட்டாரத்தார் வலக்கையைச் சோத்தாங்கை என்றும் இடக்கையைப் பீச்சாங்கை என்றும் வழங்குவர். பீச்சாங்கையால் ஒன்றைக் கொடுத்தால் பெறுவோன் சினப்பான். ஆகவே கொடைத்தொழிலினின்று இடக்கை இங்கே முன்னமே விலக்கப்பட்டு, முதுகுக்குப் பின்னே நிறுத்தப்பட்டுள்ளது. பின்னே நிற்பதால் அது ஒன்றும் அறியாது என்று கொள்ளற்க. பின்னே நிற்போரே மிகுதியும் அறிவர். பிறவியிலேயே இடக்கையாளராய் இருப்பார்க்கு நெறியைத் திருப்பிப் போட்டுக் கொள்க.

வகை 1: பிடிகொடை. உலை வைக்குமுன் பெண்டிர் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டுச் சேர்த்து, ஞாயிறன்று கோவிலுக்குக் கொணர்வது. கிழமையின் முதல்நாளில் ஒவ்வொருவரும் இயன்றதைத் தம்மிடத்தே எடுத்துவைக்குமாறு கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் எழுதியதனோடு இது பெரிதும் ஒக்கும். அடுக்களையை அவர் குறித்தாரல்லர். இதன் உட்பிரிவு மூன்று. 1.அ நிறைபிடி: விரல் இறுக மூடியது. 1.ஆ கசிபிடி: பானைக்கும் கலத்துக்கும் இடையே விரலிடுக்கில் பாதி வீடு திரும்புவது. 1.இ மாமிப்பிடி: மாமியார் கொல்லையில் இருக்கையில் சிறுத்தும் அடுக்களையில் இருக்கையில் பெருத்தும் காணப்படுவது. வலக்கை அரிசியை அள்ளும்போது இடக்கை கலத்தைப் பிடித்திருத்தலால் இவ்வகையில் அறிவளவு முழுதறிவே. ஆயினும் இக்கொடையாளர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. குவியலில் உள்ள குருணையைக் கொண்டு இன்னார் வீட்டு அரிசி என்று ஊகிக்கும் மூதாட்டியர் சிலர் உளர். அவரைத் துணைநூலாகக் கொண்டோம்.

வகை 2: ஒலிகொடை. நீள்கோலில் கட்டிய துணிப்பை வரிசைதோறும் நீளும்போது இடப்படுவது. சனிக்கிழமை மாலை தீப்பெட்டி ஆலைகளில் கூலி. ஞாயிறு காலை பை. இடையில் ஓரிரவே உளது என்பதையும், அவ்விரவில் கடைத்தெரு திறந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள். உட்பிரிவு: 2.அ ஒற்றையொலி. 2.ஆ அடுக்கொலி: ஐந்து உரூபாவை ஐந்து காசாக மாற்றி இடுவது. 2.இ ஒலியிலி: தாள். 2.ஈ போலி ஒலியிலி: மூடிய வெறுங்கை பைக்குள் நுழைந்து விரிந்த வெறுங்கையாக மீள்வது. பின்னிரண்டையும் செவியால் பிரித்தறிதல் இயலாது. பை ஏந்துவோரின் முகத்தைக் கொண்டே அறியவேண்டும். எருசலேம் கோவிலில் காசு பெறும் பெட்டி பதின்மூன்று இருந்தன என்றும் அவை எக்காள வடிவின என்றும் யூதர் பழநூல் கூறும். எக்காளத்துள் செம்புக்காசு விழுந்தால் எழும் ஓசை யாது? ஏழைக் கைம்பெண் இரு சிறுகாசு இட்டதை இயேசு எதிரே அமர்ந்து கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார், கேட்டார் என்று எழுதவில்லை. துணிப்பை தோன்றியபின் இவ்வாராய்ச்சிக்கு வழி அடைபட்டது.

வகை 2இன் கிளையாக வரிகொடை என ஒன்று உண்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்கூடி விதிப்பது. வட ஆப்பிரிக்கத்துக் கார்த்தேசில் வாழ்ந்த தெர்த்துல்லியன் 197ஆம் ஆண்டளவில், கிறித்தவர் திங்களுக்கு ஒருநாள், விரும்பினால், இயன்றால் மட்டுமே கொடுப்பர், வற்புறுத்துவார் இல்லை என்று எழுதினான். அவன் தலைக்கட்டு வரி கண்டிலன். மேலே செல்வோம்.

வகை 3: வியர்கொடை. இங்கே நீ ஊன்றிக் கேட்டல் வேண்டும். 'திதாக்கே' என்னும் பழைய கிறித்தவ ஒழுக்கநூல் ஒன்று நெடுங்காலம் மறைந்திருந்தது. 1873இல் கான்சுத்தாந்திநோப்பிளில் பிரையன்னியோசு என்னும் ஆயர் அதனைக் கண்டெடுத்து 1883இல் வெளியிட்டார். வாழ்வின் வழி, சாவின் வழி என இருவழி கூறித் தொடங்கும் அந்நூல், யாருக்குக் கொடுப்பது என்று தெளியும்வரை காசு கையிலேயே வியர்க்கட்டும் என்ற கருத்தையும் உரைக்கிறது. இந்நெறி கரிசலில் பெரும் இடர் விளைக்கும். கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் சித்திரை உச்சிப்பொழுதில் கொடுப்பவன் வியர்ப்பான், கேட்பவன் வியர்ப்பான், கொடாது முகத்தைத் திருப்பி எட்டயபுரம் பேருந்தைத் தேடுபவனும் வியர்ப்பான். ஆகவே 3.அ ஐயவியர்வை, 3.ஆ வெயில்வியர்வை என இரண்டாகப் பகுத்தோம். இவற்றைப் பிரித்தறிய, கேட்பவரை மார்கழித் திங்கள் விடியற்காலையில் வந்து கேட்கச் சொல்லுதலே வழி. சிலர் வர உடன்பட்டிலர்.

அதே நூல் ஊர்ஊராய்ச் சென்று அறிவுரைப்போரையும் அளந்தது. ஒருநாள் தங்கலாம்; தேவையெனில் இரண்டாம் நாளும் தங்கலாம்; மூன்றாம் நாளும் தங்கினால் பொய்யர்; பணம் கேட்டாலும் பொய்யர். இவ்வட்டாரத்துச் சுவரொட்டிகளோ மூன்று நாள் கூட்டம் என்றே அறைகின்றன. மூன்றாம் நாள் கூட்டம் முடிந்த கையோடு சொற்பொழிவாளர் இரவுத் தொடர்வண்டி ஏறிவிடுதலின் அது தங்கல் ஆகாது என்பது எம் துணிபு. பணம் கேட்டல் பற்றி: அவர் கேட்பதில்லை, அறிவிப்பாளரே கேட்பார். இராக்லண்டு என்னும் ஆங்கிலேயர் 1854 முதல் இக்கரிசலின் வடபுலத்தில் கூடாரத்தைப் பெயர்த்துப் பெயர்த்து ஊர்தோறும் அலைந்து 1858இல் சிவகாசியில் இறந்தார். அவர் மூன்றாம் நாள் எங்கே இருந்தார் என்ற வினாவே எழாமையின் அளவைக்கு உட்படாதவர் ஆயினார்.

வகை 4: பொறிகொடை. ஊரார் 'உபயம்' என எழுதுவது. மற்றெல்லா வகையையும் கூட்டினும் இதற்கு ஈடாகாது. நூலின் உயிர்நாடி இதுவே. 4.அ குழல்விளக்குக் கொடை: பரவலானது, ஆதலின் சிறப்பில்லாதது. 4.ஆ விசிறிக்கொடை: மூன்று இறகில் மூன்று சொல் எழுதப்படுவது, ஊர், பெயர், உறவு என்பது மரபு. விசிறி சுழலும்போது எழுத்து மறைதலின் இடக்கைக்கு அறியாமை. மின்தடையில் நிற்கும்போது முழுதறிவு. இங்ஙனம் ஒரே கொடை ஒரே வழிபாட்டில் இருநிலையும் எய்துவதால் இதனை 'இடைவிட்டு அறிகொடை' என்று பெயரிட்டோம். மின்வாரியத்தார் இந்நெறியை நடத்துவோராகத் தம்மை உணர்ந்தாரல்லர். 4.இ சாய்விருக்கைக் கொடை: பெயர் முதுகுப்பலகையின் பின்புறம் உள்ளது, பின்வரிசையில் முழந்தாளிடுவோர்க்கு ஒரு சாண் தொலைவில் தெரிவது. அவர் கண்ணை மூடினால் மறைகொடை. 4.ஈ மணிக்கொடை: பெயர் வெண்கலத்தில் வார்க்கப்பட்டுக் கோபுரத்து உச்சியில் நிற்பது, புறாக்கள் மட்டுமே அறிவன. 4.உ மணிப்பொறிக் கொடை: சுவரில் நேரம் காட்டும் பொறியின் முகத்தில் பெயர் எழுதுவது. பொறிகொடையுள் தலையாயது இதுவே. அருளுரை நீளநீள இப்பெயரை நோக்கும் கண்கள் பெருகும். இதனைத் தேர்ந்தவர் உளநூல் அறிந்தவர்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்புவாய். மலைப்பொழிவில் கொடை, மன்றாட்டு, நோன்பு மூன்றும் மறைவில் செய்யத்தக்கனவாக அடுத்தடுத்து வைக்கப்பட்டன. வள்ளுவரோ 23ஆம் இயலாக ஈகையை வைத்து, மூச்சு விடுமுன் 24ஆம் இயலாகப் புகழை வைத்தார். ஒருவர் கதவை அடைக்கிறார், மற்றவர் திறக்கிறார். இரண்டையும் கற்றவர் ஒருவர் இக்கரிசலிலேயே இருந்தார். 1680இல் இத்தாலியில் பிறந்து, காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த வீரமாமுனிவர், குறளின் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் பெயர்த்தார். இவ்விரு இயலும் அவற்றுள் அடங்கும். திருப்பணியாளர் நடக்கவேண்டிய முறையை 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலாக எழுதினார். 1730இல் 'தொன்னூல் விளக்கம்' இயற்றி எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் வகுத்தார். கையை மட்டும் வகுக்காது விட்டமை வியப்பே. எம் தீர்ப்பு வருமாறு: விசிறி சுழலும்போது மத்தேயுவையும் நிற்கும்போது வள்ளுவரையும் பின்பற்றுக.

வகை 5: கூவுகொடை. ஐப்பசி கார்த்திகை மழைக்கு விதைத்துத் தை மாசியில் அறுத்த கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் வற்றல், பருத்தி ஆகியவற்றின் முதற்பங்கைக் கோவிலில் படைத்துப் பின் ஏலமிடுவது. கொடுக்கும்போது எக்காளம் ஊதவேண்டா என்பது மலைப்பொழிவு. எக்காளம் இங்கே யாண்டும் ஊதப்படவில்லை. கூம்புக்குழாய் ஒலிபெருக்கியே உண்டு. உட்பிரிவு 5.அ மீள்முட்டை: ஒருவர் உயர்விலைக்கு எடுத்த நாட்டுக்கோழி முட்டையைத் திரும்பவும் கோவிலுக்கே கொடுக்க, அது மீண்டும் ஏலம் போவது. முட்டை உடையும்வரை அறம் வளரும். 5.ஆ போட்டிக்கொடை: பங்காளி கேட்ட விலைக்குமேல் கேட்பது, பகைவரிடத்து அன்பு என்னும் நெறியோடு ஒருங்கு வைத்து ஆராயத்தக்கது. 5.இ சொற்கொடை: ஏலம் எடுத்துப் பணம் கட்டாமை. திருத்தூதர் பணி நூலின் ஐந்தாம் இயலில், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியாவும் அவன் மனைவி சப்பிராவும் நின்ற இடத்தில் வீழ்ந்து இறந்தனர். கரிசலில் அவ்வளவு கடுமை இல்லை. அடுத்த ஆண்டு ஏலத்தின் தொடக்கத்தில் நிலுவைப் பெயர்கள் ஒலிபெருக்கியில் படிக்கப்படும். இரண்டனுள் எது கொடிது என்பதில் புலவர் வேறுபடுவர்.

வகை 6: திரைகொடை. கைப்பேசியால் கட்டக்குறியை நோக்கிச் செலுத்துவது. இடக்கை பேசியைப் பிடிக்க, வலக்கை தொகையை அழுத்தும்; முழுதறிவு. வங்கியும் அறியும்.

வகை 7: ஊண்கொடை. ஊர் வழக்கில் அசனம். தொடக்கக் கிறித்தவரின் அன்பு விருந்தினது வழித்தோன்றல் எனக் கொள்ளத்தக்கது. ஊர் முழுதும் ஒரே பந்தியில் அமர்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்ணும். கொரிந்தில் சிலர் முந்தி உண்டு நிறைய, சிலர் பசித்திருந்தனர் என்று பவுல் கடிந்தார். கரிசலில் முந்தியோர்க்குக் கறியும் பிந்தியோர்க்குக் குழம்பும் கிட்டும், எவரும் பசித்திலர். பொன் மோதிரம் அணிந்தோர்க்கு நல்லிருக்கை தருதலை யாக்கோபு கண்டித்தார். நல்லி எலும்பு தருதல் பற்றி அவர் ஒன்றும் உரைத்திலர். இனி இவ்வகையின் அருஞ்செய்தி ஒன்று. பரிமாறுவோனின் வலக்கை அகப்பையையும் இடக்கை வாளியையும் ஏந்தும். வாளியின் எடை குறையக் குறைய எஞ்சிய துண்டு எத்தனை என்பதை இடக்கை துல்லியமாக அறியும். வலக்கையோ அறியாமல் அள்ளி அள்ளி இட்டுக்கொண்டே போகும். வலக்கை அறியாததை இடக்கை அறியும் நிலையை மத்தேயு கூறிற்றிலர். இதனை 'மாற்றறிவு' எனப் புதிதாகச் சேர்த்தோம்.

புறனடை. 155ஆம் ஆண்டளவில் உரோமில் யுசுத்தீன் எழுதியபடி, ஞாயிறன்று திரண்ட பொருள் தாய்தந்தை இல்லார், கைம்பெண்டிர், நோயுற்றோர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோர்க்குச் சென்றது. அப்பட்டியலில் பெறுவோர் உளர். கொடுத்தோர் பெயர் ஒன்றும் இல்லை. அத்தகையதை வகை 8, முற்றறியாக் கொடை, என எண் இட்டு வைத்தோம். சான்று ஒன்று கிடைத்தாலும் அது அறியப்பட்டதாகி வேறு வகைக்குள் போய்விடும்; ஆதலின் ஏட்டில் அவ்விடம் வெறுமையாக உளது. பற்றுச்சீட்டில் 'நலம்விரும்பி' என்று எழுதுவோரை இதனுள் அடக்கலாமோ எனின், ஆகாது. அவர் கையெழுத்தை ஊரே அறியும்.

மாணாக்க, வரும் ஞாயிறு முதல் எல்லைக்குட்பட்ட ஊர்தோறும் சென்று, விசிறி நிற்கும் வேளை பார்த்துப் பெயர்களைப் படியெடுத்து வருக. ஏடு வாங்க இயலாதெனில் எம்மிடம் கேள், இலவசமாகவே தருவோம். முன்னட்டையில் எம் பெயரும் பின்னட்டையில் எம் ஊரும் அச்சிட்டிருக்கும்.